கர்னல் ஸாண்டர்ஸ் சரித்திரம்

நமது நாஞ்சில் நாட்டில் விவாக வீடொன்றில் விருந்து நடைபெறுங்கால், பந்தியில் இலை போடுவதற்கு முன்னர், தவசிப்பிள்ளையானவர் ஒவ்வொரு பாத்திரத்தினின்றும் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுப் பதம் பார்ப்பதை நாமனைவரும் கண்டிருக்கிறோம். காய்கறிகள் ஒரே சந்தையில் வாங்கப்பட்டனவாயினும், தேங்காய் ஒரே தோப்பில் விளைந்ததாயினும், கோட்டாற்றில் உண்ட தீயலும் தக்கலையில் உண்ட தீயலும் ஒன்றாயிருப்பதில்லை. அதனை எவரும் குறையாகக் கருதுவதுமில்லை. கைப்பக்குவம் என்று கூறி அமைந்துவிடுகிறோம். தவசிப்பிள்ளையின் பெயர் அவருடைய கையோடு கூடவே செல்கின்றது. அவர் நில்லாத அடுக்களையில் அவர் பெயரைச் சொல்லி விருந்து படைப்பார் ஒருவருமில்லை.

ஆனால் ஒரு சமையற்காரனுடைய பெயரும் முகமும் அவன் கையைவிட்டுப் பிரிந்துபோய், அவன் காலடி படாத தேசங்களிலெல்லாம் அவன் சமைக்காத உணவை விற்குமாயின், அவ்வுணவின் நன்மை தீமைகளுக்கு உத்தரவாதி யார்? இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. நமது கல்லூரியிற் பயின்று வளைகுடா நாடுகளிலும், ஆங்கில நாட்டிலும், கனடாவிலும், சிங்கப்பூரிலும் உத்தியோகம் வகிக்கும் பழைய மாணவர் பலர், ஒரே பெயர்ப் பலகையின் கீழ் விற்கப்படும் பொரித்த கோழியானது ஓரூரில் ஒரு விதமாகவும் மற்றோரூரில் வேறு விதமாகவும் இருப்பதைக் கண்டு வியப்பதுண்டு. அப்பலகையில் வெண்தாடியுடனும், மூக்குக் கண்ணாடியுடனும், கறுப்புக் கழுத்துப் பட்டையுடனும் நகைமுகங் காட்டி நிற்கும் முதியவர் வியாபாரத்தின் பொருட்டுக் கற்பிக்கப்பட்ட பொம்மையல்லர். மெய்யாகவே வாழ்ந்து, அடுப்படியில் வெந்து, மேற்கூறிய கேள்வியோடு தமது முதுமை முழுவதும் போராடிய ஒரு மனிதர். கர்னல் ஹார்லண்ட் ஸாண்டர்ஸ் என்னும் அவருடைய ஜீவிய சரித்திரத்தை இங்குச் சுருக்கி வரைவோம்.

ஜனனமும் இளமையும்

ஸாண்டர்ஸ் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த இண்டியானா மாகாணத்தில், ஹென்றிவில் என்னும் சிற்றூருக்குக் கிழக்கேயிருந்த நான்கு அறைகள் கொண்ட ஒரு வீட்டில், 1890-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 9-ம் தேதி பிறந்தார். மூன்று பிள்ளைகளில் இவரே மூத்தவர். இவருக்கு ஐந்து வயது நிரம்புங் காலத்தில், 1895-ம் வருஷத்தில், தந்தையார் இறந்தனர். விதவையான தாயார் தக்காளிப் பழங்களை டப்பிகளில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். அவ்வம்மையார் தெய்வபக்தி மிக்கவர். மது, புகையிலை, சூது ஆகியவற்றினின்று விலகும்படி தம் மக்களுக்கு ஓயாது புத்தி சொல்லி வளர்த்தவர். அவர் வேலைக்குச் சென்ற நாட்களில் வீட்டுப் பொறுப்பும், தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பும், அடுப்பும் மூத்த மகன் தலைமேல் விழுந்தன. ஏழு வயதிற்குள்ளாக ரொட்டி சுடவும், காய்கறி வேகவைக்கவும், இறைச்சி பக்குவஞ் செய்யவும் அச்சிறுவன் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் உலகம் போற்றிய வித்தைக்கு அவனுடைய ஆசிரியர் வறுமையே என்று சொல்லுதல் மிகையாகாது.

பத்து வயதில் பிறர் நிலங்களில் கூலி வேலை தொடங்கிற்று. 1902-ம் வருஷம் தாயார் மறுமணஞ் செய்துகொண்டனர். மறு வருஷம் பையன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டான். 1906-ம் வருஷம் தன் வயதை மிகுத்துச் சொல்லிப் பட்டாளத்திற் சேர்ந்து, கியூபாத் தீவில் வண்டியோட்டும் வேலையில் சில மாதங்களிருந்து திரும்பினான்.

தொழில்கள் பல

இதன் பின்னர் ஏறக்குறைய இருபத்தைந்து வருஷகாலம் ஸாண்டர்ஸ் ஒரு தொழிலிலும் நிலைத்தாரில்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி போட்டார். இரவு வேளைகளில் தபால் மூலம் சட்டம் பயின்று, லிட்டில் ராக் நகரத்தில் மூன்று வருஷம் வக்கீலாக வாதாடினார்; ஆனால் நியாயஸ்தலத்தில் தமது கட்சிக்காரனோடேயே கைகலந்தமையால் அத்தொழில் முடிவெய்திற்று. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் விற்றார். ஒஹையோ நதியில் படகுப் போக்குவரத்துக் கம்பெனி யொன்றை ஏற்படுத்தி லாபம் பெற்றார். அந்த லாபத்தை விளக்குத் தொழிலிற் போட்டு இழந்தார். மோட்டார்ச் சக்கரங்களுக்குரிய டயர் விற்றார். 1909-ம் வருஷம் ஜோஸபின் என்னும் பெண்மணியை மணந்து மூன்று மக்களைப் பெற்றார். அவர்களுள் ஒரே ஆண்மகன் 1932-ம் வருஷத்தில் இளம்பிராயத்திலேயே இறந்தான்.

இவருடைய முன்கோபத்தை நாம் மறைத்தெழுதுவது முறையன்று. சரித்திரம் எழுதுவோர் குணத்தை மாத்திரம் கூறிக் குற்றத்தை விடுத்தால், படிப்போர் அம்மனிதரை அறியமாட்டார்கள். எந்த முன்கோபம் இவரை வக்கீல் தொழிலினின்று துரத்திற்றோ, அதே முன்கோபந்தான் முதுமையில் தமது உணவு கெடுவதைப் பொறாது பேசவும் செய்தது.

கார்பின் நகரம்

1930-ம் வருஷம், அமெரிக்காவில் பெரும் பணமுடை பரவிய காலத்தில், ஷெல் கம்பெனியார் கென்டக்கி மாகாணத்துக் கார்பின் நகரத்தை யடுத்த தங்கள் பெட்ரோல் நிலையத்தை இவரிடம் ஒப்புவித்தனர். வாடகையில்லை, விற்பனையில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அங்கே பெட்ரோல் போட வந்த பிரயாணிகள் பசியோடு நிற்பதைக் கண்ட ஸாண்டர்ஸ், தமது வீட்டாருக்காகச் சமைத்த உணவையே தமது சாப்பாட்டு மேஜையில் வைத்து விற்கத் தொடங்கினார். அம்மேஜையில் ஆறு பேர் மட்டுமே அமரக்கூடும். உலகமெங்கும் பரவிய ஒரு வியாபாரத்தின் வித்து அந்த ஆறு பேர் பந்தியேயாம்.

அப்பக்கம் அக்காலத்தில் அமைதியான இடமன்று. 1931-ம் வருஷத்தில், பக்கத்துப் பெட்ரோல் வியாபாரி இவருடைய விளம்பரத்தின்மேல் சாயம் பூசி அழித்ததினின்றும் எழுந்த சண்டை துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஷெல் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் உயிரிழந்தார்; ஸாண்டர்ஸ் சுட்டதில் எதிரி காயமடைந்தான். கொலைக்காக எதிரி தண்டனையடைந்தான். ஸாண்டர்ஸ்மீது சுமத்தப்பட்ட குற்றம் தள்ளப்பட்டது.

இவருடைய உணவின் கீர்த்தி பரவவே, 1935-ம் வருஷம் மாகாணக் கவர்னர் இவருக்குக் கென்டக்கிக் கர்னல் என்னும் பட்டம் அளித்தார். இது பட்டாளத்துப் பதவியன்று. மாகாணத்தார் அளிக்கும் மரியாதைப் பெயர். 1939-ம் வருஷம் உணவுச்சாலை தீக்கிரையாயிற்று. மனம் தளராமல், 140 பேர் அமரத்தக்க புதிய சாலையைக் கட்டினார்.

இக்காலத்தில் இவர் கண்டுகொண்ட இரண்டு விஷயங்கள் பின் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் அடிப்படையாதலின், அவற்றைச் சற்று விரித்துக் கூறுவோம். வாணலியில் கோழியை முறையாகப் பொரிக்க அரைமணி நேரம் ஆகும். பிரயாணிகள் அதுவரை பொறுத்திருப்பதில்லை. கொதிக்கும் எண்ணெயில் முழுக அமிழ்த்திப் பொரித்தாலோ விரைவாக வேகும்; ஆனால் இறைச்சி உலர்ந்துபோம். அப்பொழுது புதிதாகக் கடைக்கு வந்திருந்த, காய்கறி வேகவைக்கும் ஆவியமுக்கப் பாத்திரத்தை, அதாவது இன்று நம் அடுக்களைகளில் குக்கர் என வழங்குவதை, ஸாண்டர்ஸ் வாங்கி, அதில் கோழியைப் பொரிக்கும் முறையைப் பல பரீட்சைகளின் பின் வகுத்தார். வாணலிப் பொரியலின் சுவையும், முழுக்கெண்ணெய்ப் பொரியலின் விரைவும் ஒன்றுகூடின. இரண்டாவது, 1940-ம் வருஷத்தில் பதினோரு வகை மூலிகைகளும் வாசனைப் பொருள்களுமடங்கிய மசாலைப் பொடியின் அளவை முடிவுசெய்தார். இவ்விரண்டினாலும் கைப்பக்குவத்தின் ஒரு பகுதியைக் கருவியிலும், மற்றொரு பகுதியைப் பொட்டலத்திலும் அடைத்தாயிற்று. கருவியும் பொட்டலமும் எங்கும் செல்லக்கூடியவை. ஆனால் கைப்பக்குவம் முழுவதும் அவ்வாறு அடைபடவில்லை யென்பதை அவர் பின்னர்த் துயரத்தோடு அறிந்தார்.

அறுபத்தைந்தாம் வயதில்

1947-ம் வருஷம் முதல் மனைவியை விட்டுப் பிரிந்து, 1949-ல் தமது உணவுச்சாலையில் ஊழியஞ் செய்துவந்த கிளாடியா என்னும் பெண்மணியை மணந்தார். 1952-ம் வருஷம் ஸால்ட் லேக் நகரத்தில் உணவுச்சாலை நடத்திய பீட் ஹார்மன் என்னும் நண்பருக்குத் தமது முறையைக் கற்பித்தார். விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் நான்கு சென்ட் ஸாண்டர்ஸுக்குக் கொடுக்கவேண்டும் என்பதே உடன்படிக்கை. ஒரு வருஷத்துக்குள் ஹார்மனுடைய விற்பனை மூன்று மடங்குக்கு மேற் பெருகிற்று. கென்டக்கிப் பொரித்த கோழி என்னும் பெயர் தோன்றியதும் அங்கேயே. அதனைப் புனைந்தவர் ஹார்மன் அமர்த்திய விளம்பரப் பலகை எழுதுவோர்.

இதற்கிடையில் புதிய நெடுஞ்சாலை யொன்று கார்பின் நகரத்தை விலகிச் செல்லும்படி வகுக்கப்பட்டது. பிரயாணிகள் வரவு அற்றுப்போகவே, 1956-ம் வருஷம் ஸாண்டர்ஸ் தமது சாலையை ஏலத்தில் நஷ்டத்துக்கு விற்றார். கடன்களைத் தீர்த்தபின், சேமித்த சிறு பணமும், முதியோருக்கு அரசாங்கத்தார் அளிக்கும் மாதம் 105 டாலர் உதவித்தொகையுமே எஞ்சின. வயதோ அறுபத்தைந்து கடந்துவிட்டது. நம்மவர் பென்ஷன் வாங்கித் திண்ணையில் அமரும் அவ்வயதில், அவர் ஆவியமுக்கப் பாத்திரத்தையும் மசாலை மூட்டையையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஊரூராய்ப் புறப்பட்டார். உணவுச்சாலைகளில் நுழைந்து, அங்குள்ள வேலையாட்களுக்குத் தாமே கோழி பொரித்துக் கொடுப்பார். அவர்கள் விரும்பினால் உடன்படிக்கை செய்துகொள்வார். பல இரவுகள் மோட்டாரிலேயே துயின்றார். வீட்டிலோ கிளாடியா அம்மையார் மசாலையைக் கலந்து, பொட்டலங் கட்டித் தபாலில் அனுப்பிவந்தார். வெள்ளை உடையும் வெண்தாடியும் இக்காலத்தில் அவருக்கு அடையாளமாயின. 1964-ம் வருஷத்திற்குள் அறுநூற்றுக்கு மேற்பட்ட சாலைகள் அவருடைய முறையைக் கைக்கொண்டன.

பெயரை விற்றமை

அறுநூறு சாலைகளை ஒரு முதியவர் மேற்பார்ப்பது இயலாத காரியம். 1964-ம் வருஷம், எழுபத்து மூன்றாம் வயதில், ஸாண்டர்ஸ் தமது வியாபாரத்தை ஜான் பிரவுன், ஜாக் மாஸி என்னும் இருவர் தலைமையிலான கூட்டத்தாருக்கு இருபது லக்ஷம் டாலருக்கு விற்றார். விளம்பரத்தின் பொருட்டுத் தாம் ஊர்தோறும் சென்று காட்சியளிப்பதாகவும், அதற்காக ஆயுள் முழுதும் சம்பளம் பெறுவதாகவும் ஏற்பாடு. ஆனால் கனடா தேசத்து உரிமையை மட்டும் விற்கவில்லை. அதனைத் தமக்கென்றே வைத்துக்கொண்டு, 1965-ம் வருஷம் ஒண்டேரியோ மாகாணத்து மிஸ்ஸிஸாகா நகரத்திற் குடியேறினார். கனடாவிற் பெற்ற ஊதியத்தை ஆஸ்பத்திரிகளுக்கும் தருமங்களுக்கும் உதவும்படி ஏற்பாடு செய்தார்.

இவ்விதமாக, ஒரே முகம், ஒரே பெயர், ஒரே மசாலை; ஆனால் தேசத்துக்கொரு முதலாளி என்னும் நிலைமை ஏற்பட்டது. 1965-ம் வருஷம் ஆங்கில நாட்டுப் பிரெஸ்டன் நகரத்திலும், 1970-ல் ஜப்பானிலும், 1987-ல் சீனத் தலைநகரிலும், 1995-ல் நமது இந்தியாவில் பெங்களூரிலும் கடைகள் திறக்கப்பட்டன. ஐக்கிய நாடுகளில் தலைமைக் கம்பெனியை 1971-ல் ஹ்யூப்ளைன் என்னும் மதுபான வியாபாரக் கம்பெனியார் வாங்கினர். மதுவைத் தொடலாகாதென்று தாய் கற்பித்த மகனுடைய முகம், மது விற்போர் உடைமையாயிற்று.

தேசந்தோறும் உணவு வேறுபடுதற்குக் காரணங்கள்

ஒரே முறையில் சமைக்கப்படுவதாகச் சொல்லப்படும் உணவு தேசத்துக்குத் தேசம் ஏன் வேறுபடுகின்றது? இதனை நாம் சற்று ஆராய்வோம்.

முதலாவது, கோழி. மசாலை தபாலிற் போகலாம். கோழி அந்தந்தத் தேசத்தில் வளர்வது. அதன் இனம், தீனி, வயது, எடை யாவும் இறைச்சியின் சுவையை மாற்றுகின்றன. உறைபனியில் பல நாள் கிடந்த இறைச்சிக்கும் அன்றறுத்த இறைச்சிக்குமுள்ள பேதத்தைக் கோட்டாற்றுச் சந்தைக்குச் சென்றுவரும் நம் தாய்மாரே அறிவர். எண்ணெயும் அவ்வாறே, எங்கே எது மலிவோ அங்கே அது வாணலியிற் சேர்கின்றது.

இரண்டாவது, அரசாங்கச் சட்டம். 2012-ம் வருஷம் கனடா வைத்தியச் சங்கப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆஸ்திரேலியா, கனடா, பிரான்சு, நியூஸீலந்து, ஆங்கில நாடு, ஐக்கிய நாடுகள் ஆகிய ஆறு தேசங்களில், ஆறு பெரிய தொடர் உணவுச்சாலைகளின் பண்டங்களில் எவ்வளவு உப்பு உளதென்று அதில் ஒப்புநோக்கினர். மக்டொனால்ட்ஸ் சாலையின் கோழித் துண்டுகளில், நூறு கிராமுக்கு ஆங்கில நாட்டில் 0.6 கிராமும், ஐக்கிய நாடுகளில் 1.6 கிராமும் உப்பு இருந்தது. பெயர் ஒன்று, பண்டம் ஒன்று, உப்போ இரண்டரை மடங்குக்கு மேல். ஆங்கில அரசாங்கத்தார் உணவுப்பொருள்களில் உப்பைக் குறைக்கும்படி அளவு வகுத்து வற்புறுத்தி வந்தனர். ஆகையால், உப்பைக் குறைக்க இயலாதென்னும் சமாதானம் எடுபடாதென்பதும், இயன்றும் வற்புறுத்தாவிடத்துக் குறைக்கமாட்டார்களென்பதும் விளங்குகின்றன. இரத்த அழுத்த நோய் மலிந்துள்ள இக்காலத்தில் இது நாவின் சுவையைப்பற்றிய விஷயம் மாத்திரமன்று.

நம் தேசத்து அநுபவமும் இதனையொட்டியதே. பெங்களூரிற் கடை திறந்த 1995-ம் வருஷத்திலேயே, அங்கு விற்ற கோழியில் சுவைகூட்டும் உப்பாகிய மோனோஸோடியம் குளூட்டமேட் இந்தியச் சட்டம் அனுமதித்த அளவைக் கடந்துள்ளதென்று கூறி, நகரசபையார் அதன் அனுமதியை ரத்துசெய்தனர். கம்பெனியார் நியாயஸ்தலத்தை யணுகிக் கடையை மீண்டும் நடத்தினர். 1996-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ம் தேதி கர்நாடக விவசாயச் சங்கத்தார் அக்கடையினுட் புகுந்து சேதம் விளைத்தனர். அந்தச் செயலை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் ஒரு தேசத்தில் வழக்கமான பொடி மற்றொரு தேசத்தில் வழக்குக்கு உரியதாகலாமென்பது அதனாற் புலப்பட்டது.

மூன்றாவது, உண்போர் நிலைமை. பிறந்த நாட்டில் இவ்வுணவு, அவசரமாகச் செல்லும் சாமானியர் குறைந்த விலைக்கு வாங்குவது. ஜப்பானிலோ 1974-ம் வருஷம் முதல் செய்யப்பட்ட விளம்பரங்களால், கிறிஸ்து பிறந்த திருநாளில் குடும்பத்தோடு உண்ணத்தக்க விருந்தென மதிக்கப்பட்டு, பலர் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகின்றனர். கிறிஸ்தவர் மிகச் சிலராயுள்ள அத்தேசத்தில் திருநாளின் அடையாளம் பொரித்த கோழியாயிற்றே என்று நாம் நகைக்கலாம், அல்லது வருந்தலாம். சீனாவில் அதே பலகையின் கீழ் அரிசிக்கஞ்சியும் விற்கின்றனர். இந்தியாவில் காரம் மிகுத்தும், மரக்கறி உண்போருக்கென வேறு பண்டங்கள் சேர்த்தும் விற்கின்றனர். எங்கே அது விருந்தெனக் கருதப்படுகின்றதோ, அங்கே மேஜையும் தரையும் துலக்கமாயிருக்கின்றன. எங்கே அது அவசர உணவெனக் கருதப்படுகின்றதோ, அங்கே கவனம் குறைகின்றது. பிறந்த ஊரிலும் வந்த ஊரில் உணவு சிறந்திருப்பதுண்டு என்னும் விந்தைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

நான்காவதும் முக்கியமானதும், மேற்பார்வை. இச்சாலைகளிற் பல, பெயரின் உரிமையை விலைகொடுத்துப் பெற்ற தனி முதலாளிகளுடையவை. அவருள் சிலர் தம் பெயர் கெடுமேயென்று அஞ்சி நடத்துவர். சிலர் பெயர் வேறொருவனுடையது தானே என்று அசட்டையாயிருப்பர். பலகை ஒன்றாயிருப்பதால் உண்போருக்கு இவ்வேற்றுமை முன்கூட்டித் தெரிவதில்லை.

குழம்புச் சண்டை

இனி ஸாண்டர்ஸ் சரித்திரத்துக்குத் திரும்புவோம். வெள்ளை உடையணிந்து ஊர்தோறும் காட்சியளிக்கச் சென்ற முதியவர், காட்சியோடு நிற்கவில்லை. திடீரென அடுக்களையில் நுழைவார். கரண்டியால் எடுத்துச் சுவைப்பார். பிடிக்காவிடில் அதனைத் தரையிற் கொட்டி, அங்குள்ளோரைக் கடிந்து பேசுவார். அவர் சினத்துக்கு முக்கிய இலக்கானது கோழியன்று. கோழியோடு பரிமாறும் கிரேவி என்னும் குழம்பு. கோழியைக் கருவி பார்த்துக்கொண்டது. மசாலையைப் பொட்டலம் பார்த்துக்கொண்டது. குழம்புக்கோ தேர்ந்த கையும் நேரமும் பொறுமையும் வேண்டும். ஆயிரக்கணக்கான சாலைகளில், குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டுச் சில மாதங்களில் விலகிப்போகும் இளைஞரைக் கொண்டு அதனைச் செய்தல் கூடாதென்று கண்ட கம்பெனியார், எளிதிலும் மலிவிலும் செய்யத்தக்க வேறு குழம்பை வகுத்தனர். ஸாண்டர்ஸ் அதனைச் சுவரில் காகிதம் ஒட்டும் பசைக்கு ஒப்பிட்டுப் பத்திரிகைக்காரரிடம் வெளிப்படையாகவே பேசினார்.

நடுவுநிலைமையோடு நோக்குங்கால் இரு திறத்தாரிடத்தும் நியாயம் உண்டு. ஒருவருடைய கையால் மட்டுமே ஆகக்கூடிய பண்டத்தை ஆறாயிரம் இடங்களில் விற்க முடியாது என்னும் கம்பெனியார் கூற்றுப் பொய்யன்று. அப்படியாயின் ஆறாயிரம் இடங்களில் என் முகத்தை ஏன் தொங்கவிட்டீர் என்னும் ஸாண்டர்ஸ் கேள்வியும் பொய்யன்று. முகத்தைப் பணத்துக்கு விற்றவர் அவரே யென்பதும் மறுக்கத்தக்கதன்று.

சண்டை நியாயஸ்தலத்துக்கும் சென்றது. தாம் வகுக்காத பண்டங்களுக்குத் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துகின்றனரென்று 1973-ம் வருஷம் ஹ்யூப்ளைன் கம்பெனியார்மீது ஸாண்டர்ஸ் வழக்குத் தொடுத்தார். ஷெல்பிவில் என்னும் ஊரில் தாமும் மனைவியாரும் திறந்த உணவுச்சாலையைப் பற்றியும் விவாதம் மூண்டது. 1975-ல் பத்து லக்ஷம் டாலர் பெற்றுக்கொண்டு சமாதானமானார். குழம்பைப்பற்றி அவர் கூறியவை தங்கள் வியாபாரத்துக்கு அவதூறென்று, கென்டக்கியைச் சேர்ந்த பௌலிங் கிரீன் நகரத்துச் சாலையார் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர் ஒரு குறிப்பிட்ட சாலையைச் சுட்டிப் பேசவில்லையென்று கண்டு, 1978-ம் வருஷம் கென்டக்கி உயர்நிலை நியாயஸ்தலத்தார் அவ்வழக்கைத் தள்ளினர். தன் முகம் தொங்கும் கடையாரே தன்மேல் வழக்காடக் கண்டவர் உலகில் மிகச் சிலரே.

அந்தியகாலம்

தொண்ணூறு வயதளவும் ஸாண்டர்ஸ் ஓய்ந்திருந்தாரில்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் மைல் பிரயாணஞ் செய்து கடைகளைப் பார்த்து வந்தார். 1980-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இரத்தப் புற்றுநோய் கண்டது. அவ்வருஷம் டிசம்பர் மாதம் 16-ம் தேதி லூயிவில் நகரத்தில் தேகவியோகமானார். மாகாணச் சட்டசபை மாளிகையில் அவருடைய பிரேதம் பொதுமக்கள் மரியாதைக்காக வைக்கப்பட்டு, வழக்கமான வெள்ளை உடையுடனும் கறுப்புக் கழுத்துப் பட்டையுடனும் கேவ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அக்காலத்தில் 48 தேசங்களில் ஏறக்குறைய ஆறாயிரம் சாலைகள் அவர் முகத்தைத் தாங்கி நின்றன.

அவர் இறந்தபின்னும் அம்முகம் உழைப்பதை விடவில்லை. 1985-ம் வருஷம் ஜப்பான் தேசத்து ஒஸாகா நகரத்தில், பந்தாட்டத்தில் தம் கட்சி வென்றதைக் கொண்டாடிய இளைஞர், கடைவாயிலில் நின்ற அவருடைய உருவச்சிலையைத் தூக்கி ஆற்றில் எறிந்தனர். 2009-ம் வருஷத்தில் அது சேற்றினின்றும் எடுக்கப்பட்டது. கம்பெனியும் கை மாறிக்கொண்டேயிருந்தது. 1991-ல் பெயரும் மூன்று எழுத்துக்களாகச் சுருங்கியது. முகம் மட்டும் மாறவில்லை.

முடிவுரை

மாணவ நண்பர்காள், இச்சரித்திரத்தினின்றும் நாம் அறியத்தக்கது யாது? அறுபத்தைந்தாம் வயதிலும் புதிதாகத் தொடங்கலாம் என்பது பலரும் எடுத்துக்காட்டும் பாடம், அது மெய்யே. ஆயினும் அதனினும் அரிய பாடம் ஒன்றுண்டு. கையெழுத்திட்டுப் பெயரை விற்றுவிடலாம். அப்பெயரைக் கேட்டு நம்பி வருகின்றவனுக்கு நாம் பட்ட கடனை விற்றுவிட முடியாது. ஸாண்டர்ஸ் இதனை விற்றபின்னரே முழுமையும் உணர்ந்தார் போலும். கரண்டியோடு அடுக்களை அடுக்களையாக நுழைந்து அம்முதியவர் அலைந்தது, தீர்க்க முடியாத அக்கடனைத் தீர்க்க முயன்ற முயற்சியென்றே நமக்குத் தோன்றுகின்றது.

உங்களுட் பலர் வருங்காலத்தில் இக்கல்லூரியின் பெயரைத் தாங்கிப் பல தேசங்களுக்குச் செல்வீர்கள். அங்கே உங்களைக் காண்போர் உங்கள் ஆசிரியர்களைக் கண்டவரல்லர், நாகர்கோவிலைக் கேட்டவருமல்லர். உங்கள் வேலை எப்படியோ அப்படியே இப்பெயரை அவர்கள் மதிப்பர். ஓரூரில் உப்பு மிகுந்தும் ஓரூரில் உப்புக் குறைந்தும் இருக்கும் பண்டம்போலாகாமல், மேற்பார்ப்பார் உள்ள இடத்தும் இல்லாத இடத்தும் ஒரே பதமாயிருப்பீர்களாக. நம்மூர்த் தவசிப்பிள்ளை, யாரும் கேட்பதற்கு முன்னரே உள்ளங்கையில் ஒரு துளி விட்டுப் பார்க்கிறாரன்றோ? அந்தத் துளியளவு கவலை நம் ஒவ்வொருவர் தொழிலிலும் இருக்குமாயின், அதுவே போதும்.